உன் தோள்வலியும் கிட்டாரின் மேல் கொம்பும்

தண்டையார்பேட்டை

அன்புள்ள மச்சானுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ரிட்டையர் ஆன கையோடு மறுபடியும் பேஸ் கிட்டாரைத் தூக்கிவிட்டாய் என்று படித்ததும் எனக்கு அத்தனை சந்தோஷம். வீட்டில் எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டினேன். அடுத்த பக்கத்துக்கு வந்தால் இடது தோள் வலிக்கிறது, கட்டைவிரல் அடியில் இழுக்கிறது, கொஞ்ச நேரத்துக்கு மேல் நின்று வாசிக்க முடியவில்லை, வயசாகிவிட்டது போல, விற்றுவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். விற்பதற்கு முன்னால் இதை முழுசாகப் படி. நீ அனுப்பிய படங்களை நன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். எனக்குச் சந்தேகம் உன் வயதின் மேல் இல்லை, அந்தக் கிட்டாரின் வடிவத்தின் மேல்தான்.

ஊர்ச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். 2021-ல் மெட்ரோ விம்கோ நகர் வரைக்கும் ஓட ஆரம்பித்ததிலிருந்து புரோகிராமுக்குப் போகிற பையன்களுக்குப் பெரிய நிம்மதி. கிட்டாரை முதுகில் மாட்டிக்கொண்டு ஏறிவிடுகிறார்கள். ஆடி மாதம் கூழ் ஊற்றுகிற தெருக்களில் லைட் மியூசிக் இன்னும் நடக்கிறது. முன்பு மாதிரி விடிய விடிய இல்லை, ஆனால் ஆரம்பித்தால் எல்லோரும் மணிக்கணக்கில் நின்றுதான் வாசிக்க வேண்டியிருக்கிறது. அப்புறம், கானா பாடுகிற பையன்கள் இப்போது பேஸ் கிட்டார் இல்லாமல் மேடை ஏறுவதில்லை என்கிற அளவுக்கு வந்துவிட்டார்கள். 2018-ல் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு மேடைக்கு வந்த பிறகு இந்த ஆசை நம் பக்கத்தில் நன்றாகவே பரவியிருக்கிறது. வியாசர்பாடி, புளியந்தோப்பு பக்கமிருந்தெல்லாம் பையன்கள் வந்து என்ன கிட்டார் வாங்கலாம் என்று கேட்கிறார்கள். எல்லோரும் கேட்பது ஒலியை எடுக்கிற பிக்கப்பும் கலரும்தான். தோளில் மாட்டினால் எப்படித் தொங்கும் என்று யாரும் கேட்பதில்லை. அதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும் என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சரி, உன் கிட்டாருக்கு வருவோம். சின்னதாக இருக்கிறது, ஸ்கேல், அதாவது தந்தி நீளம், குறைவு, கைக்கு அடக்கமாக இருக்கும் என்று நினைத்து அதை எடுத்ததாக எழுதியிருந்தாய். பார்க்க எஸ்.ஜி. மாடல். கிப்சன் கம்பெனி 1961-ல் இ.பி.-3 பேஸை இந்த வடிவத்தில்தான் கொண்டுவந்தது. நெக்கின் இரண்டு பக்கமும் பாடியிலிருந்து நீளும் குட்டையான கூர்க்கொம்பு, மெல்லிய பாடி, 30.5 அங்குல ஸ்கேல். அழகான வடிவம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த வடிவத்தில் ஸ்ட்ராப்பை மாட்டுகிற பட்டன் கொம்பு நுனியில் இல்லை. நெக் பாடிக்குள் புகுகிற இடத்தில், பின்பக்கம் இருக்கிறது. நெக்கின் குறுக்கே பதித்த கம்பிகளான ஃப்ரெட்டுகளை எண்ணினால், உன் படத்தில் அது கிட்டத்தட்ட 16-வது ஃப்ரெட்டுக்கு நேராக வருகிறது. உன் வலி மொத்தமும் இந்த ஒரு திருகில் இருந்துதான் தொடங்குகிறது என்று நினைக்கிறேன்.

ஒரு சோதனை செய்து பார். ஸ்ட்ராப்பை மாட்டி நேராக நில். கிட்டாரை வாசிக்கிற கோணத்தில் வைத்துவிட்டு இரண்டு கையையும் எடுத்துவிடு. நெக்கின் நுனியில் இருக்கிற ஹெட் மெதுவாகவோ வேகமாகவோ தரையை நோக்கி இறங்கினால் அது தலை கனத்த கிட்டார். காட்டன் சட்டையில் ஸ்ட்ராப் பிடித்துக்கொண்டு நின்றுவிடலாம், அதனால் வழுக்குகிற துணி ஏதாவது போட்டுக்கொண்டும் பார். உன்னுடையது இறங்கும் என்று பார்க்காமலே சொல்வேன்.

சாரம் கட்டுகிறவர்கள் நீளமான சவுக்குக் கட்டையைத் தோளில் தூக்கிப் போவதை நாம் எத்தனை முறை பார்த்திருக்கிறோம். கட்டையின் நடு எங்கே இருக்கிறதோ அங்கே தோளைக் கொடுப்பார்கள். கொஞ்சம் தள்ளிக் கொடுத்தால் முன்பக்கம் சாய்ந்துவிடும், கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே நடக்க வேண்டும். பேஸ் கிட்டாரிலும் இதே கணக்குதான். ஒரு பக்கம் நீளமான நெக், அதற்குள் இரும்புக் கம்பி, அதன் கடைசியில் தந்தியை முறுக்குகிற நான்கு பெரிய கீ. இன்னொரு பக்கம் பாடியும், தந்தியின் மறுமுனையைத் தாங்குகிற பிரிட்ஜும். எடையின் மையம் இரண்டு ஸ்ட்ராப் பட்டன்களுக்கும் நடுவில் வசதியாக விழுந்தால் கிட்டார் தானாக நிற்கும். முன் பட்டனுக்கு ஒட்டியோ, அதைத் தாண்டி நெக் பக்கமோ விழுந்தால் தலை இறங்கத்தான் செய்யும். மேல் கொம்பை நீளமாக இழுத்து அதன் நுனியில் பட்டனை வைப்பதற்கு இதுதான் காரணம். அழகு அதற்கப்புறம்.

லியோ ஃபெண்டர் 1951-ல் பிரிசிஷன் பேஸைக் கொண்டுவந்தபோது மேல் கொம்பு கிட்டத்தட்ட 12-வது ஃப்ரெட் வரைக்கும் நீண்டிருந்தது. அவருடைய ஆறு தந்தி கிட்டாரான டெலிகாஸ்டரில் மேல் பக்கம் கொம்பே கிடையாது. பேஸுக்கு மட்டும் இரண்டு பக்கமும் கொம்பு முளைத்தது, ஏனென்றால் 34 அங்குல ஸ்கேலும் அந்தப் பெரிய கீ நான்கும் வந்துவிட்டால் கொம்பு இல்லாமல் தோளில் நிற்காது. இன்றைக்கும் அந்த உருவம் பெரிதாக மாறாமல் இருப்பதற்கு அந்தக் கொம்பு ஒரு பெரிய காரணம்.

இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. உனக்கு இதுதான் முக்கியம், கவனமாகப் படி. பட்டன் எங்கே இருக்கிறதோ அதை வைத்துத்தான் கிட்டார் உன் உடம்பின் குறுக்கே எங்கே தொங்கும் என்பதும் முடிவாகிறது. கொம்பு குட்டையாக இருந்தால் மொத்தக் கிட்டாரும் உன் இடது பக்கமாகத் தள்ளிப் போய்விடும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 34 அங்குல பேஸில் நட்டிலிருந்து, அதாவது ஹெட் பக்கம் தந்தி தொடங்குகிற இடத்திலிருந்து, 12-வது ஃப்ரெட் 43 சென்டிமீட்டர். முதல் ஃப்ரெட் நட்டிலிருந்து 5 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆக, கொம்பு நுனியிலிருந்து முதல் ஃப்ரெட்டுக்கு சுமார் 38 சென்டிமீட்டர். உன்னுடையது 30.5 அங்குலம். பட்டன் 16-வது ஃப்ரெட் பக்கம் என்றால் நட்டிலிருந்து பட்டனுக்கு ஏறக்குறைய 47 சென்டிமீட்டர். முதல் ஃப்ரெட்டைக் கழித்தால் 42 சென்டிமீட்டருக்கு மேல் வருகிறது. பார்த்தாயா? சின்னக் கிட்டார் என்று வாங்கினாய், ஆனால் முதல் ஃப்ரெட் பெரிய கிட்டாரை விட நான்கு சென்டிமீட்டர் தள்ளி நிற்கிறது. ஃப்ரெட்டுக்கு ஃப்ரெட் இடைவெளி குறைவு என்பது உண்மை, விரல் அகட்டுவது சுலபம். ஆனால் அந்த இடத்துக்குப் போய்ச் சேரவே இடது கையை முழுசாக நீட்ட வேண்டியிருக்கிறது. நீட்டிய கையோடு, இறங்குகிற நெக்கையும் அதே கைதான் தாங்குகிறது. தோள் வலிக்காமல் என்ன செய்யும்?

கட்டைவிரல் வலியும் இதே வீட்டுக் கதைதான். இடது கட்டைவிரல் நெக்குக்குப் பின்னால் சும்மா தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். நெக் இறங்கினால் அது தாங்கு கட்டை ஆகிவிடுகிறது. விரல்கள் அதே இடத்தில் நெக்கைப் பிடித்துக்கொண்டே தந்தியை அழுத்த வேண்டும். இளையராஜா பாட்டு வாசிக்கிறவனுக்கு இது சரிப்பட்டு வருமா? அவர் பாட்டில் பேஸ் ஒரு இடத்தில் உட்கார்ந்து தாளம் போடுவதோடு நிற்காது, தனி மெட்டாக மேலும் கீழும் ஓடும். கை சட்டென்று விட்டு சட்டென்று வேறு இடத்தில் போய் உட்கார வேண்டும். கையை எடுத்தால் கிட்டார் விழும் என்ற பயம் உடம்புக்குத் தெரிந்துவிட்டால் கை எப்படி விடும்? அந்தக் காலத்தில் நீ வாசித்ததை நான் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். உனக்கு விரல் போய்விட்டதாக நான் நம்பத் தயாராக இல்லை. வலது கையும் தப்புவதில்லை. பாடி மேலே எழும்பாமல் இருக்க முழங்கைக்குக் கீழே அழுத்திப் பிடிக்கிறோம், அதனால் மணிக்கட்டு மடங்கி, விரல் சுதந்திரமாக அசைவதில்லை.

எடை குறைந்த கிட்டார் வாங்கினால் எல்லாம் சரியாகும் என்று கடையில் சொல்வார்கள். கனம் வேறு, சமநிலை வேறு. சாதாரணமாக ஒரு பேஸ் நாலு கிலோவை ஒட்டி இருக்கும். பாடியை மட்டும் இலகுவான மரத்தில் செய்து, ஹெட்டில் பழைய கனமான கீயையே வைத்தால் தலை இன்னும் வேகமாக இறங்கும். மூன்றரைக் கிலோவில் தலை இறங்குகிற கிட்டாரை விட, நாலேகால் கிலோவில் தானாக நிற்கிற கிட்டாரே தோளுக்கு நல்லது என்பது என் அனுபவம். இரண்டும் சேர்ந்து வர வேண்டுமென்றால் வடிவம்தான் கைகொடுக்க வேண்டும். ஐபனெஸ் எஸ்.ஆர். வரிசை 1987-லிருந்து வருகிறது. மெல்லிய பாடி, ஆனால் கொம்பை நன்றாக நீட்டியிருப்பார்கள். ராயபுரம் பக்கம் நிறையப் பையன்கள் கையில் அதுதான் இருக்கிறது. நல்ல தேர்வு என்றே நினைக்கிறேன்.

ஹாஃப்னர் வயலின் பேஸுக்குக் கொம்பே இல்லையே என்று நீ கேட்பாய், தெரியும். 1956-ல் வந்தது, பால் மெக்கார்ட்னி 1961-ல் ஹாம்பர்க்கில் வாங்கினார். இடது கைக்காரரான தனக்கு, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதால் திருப்பிப் பிடித்தாலும் விகாரமாகத் தெரியாது என்பது அவர் சொன்ன காரணம். அது உள்ளே வெறும் கூடு. மொத்தமே இரண்டேகால் கிலோ சுமாருக்குத்தான் இருக்கும். தலை லேசாக இறங்கினாலும் தாங்க வேண்டிய பாரம் குறைவு. திட மரத்தில் செய்த பாடிக்கு அந்தச் சலுகை கிடையாது.

இதையெல்லாம் அடியோடு யோசித்தவர் நெட் ஸ்டைன்பெர்கர். 1977-ல் ஸ்பெக்டர் கம்பெனிக்காக அவர் வரைந்த பேஸில் பாடியின் பின்பக்கம் வயிற்றோடு பொருந்துகிற மாதிரி வளைந்திருக்கும். அதற்கப்புறம் தலைதானே பிரச்சினை என்று ஹெட்டையே எடுத்துவிட்டார். கீயெல்லாம் பிரிட்ஜ் பக்கம் போய்விட்டது, பாடி ஒரு சின்னச் செவ்வகம். தலை இறங்குவது ஒழிந்தது. ஆனால் பாடி அவ்வளவு சின்னதாகப் போனதும் ஸ்ட்ராப் மாட்டப் பின்னால் தனியாக ஒரு தகடு தேவைப்பட்டது, உட்கார்ந்து வாசிக்கத் தொடையில் ஊன்ற ஒரு மடக்குக் காலும் தேவைப்பட்டது. பாடி வெறும் மரத்துண்டு இல்லை, அது எத்தனை வேலை செய்கிறது என்று இதைப் பார்த்துத்தான் எனக்கு நன்றாகப் புரிந்தது.

உட்கார்ந்து வாசிப்பது தனிக் கணக்கு. நீ வீட்டில் நாற்காலியில்தான் பெரும்பாலும் வாசிக்கிறாய். அங்கே கொம்புக்கு வேலை குறைவு, இடுப்பு வளைவுக்குத்தான் வேலை. வலது தொடையில் அந்த வளைவு எங்கே உட்காருகிறதோ அதுதான் தாங்கும் புள்ளி. ஃபெண்டர் 1958-ல் ஜாஸ்மாஸ்டர் கிட்டாரிலும் 1960-ல் ஜாஸ் பேஸிலும் இரண்டு பக்க இடுப்பையும் நேருக்கு நேர் வைக்காமல் பாடியைச் சாய்த்து வைத்ததற்கு உட்கார்ந்து வாசிப்பவர்களின் வசதிதான் காரணம். அதே 1958-ல் வந்த, ஆங்கில வி எழுத்து மாதிரி இருக்கிற ஃப்ளையிங் வி-யைத் தொடையில் சாதாரணமாக வைத்தால் வழுக்கிக்கொண்டு போகும். நான் சொல்வது, உட்கார்ந்தாலும் ஸ்ட்ராப்பைக் கழற்றாதே. உட்காரும்போதும் நிற்கும்போதும் கிட்டார் ஒரே உயரத்தில் இருக்கிற மாதிரி ஸ்ட்ராப் நீளத்தை வைத்துக்கொள். தொப்புளுக்குக் கீழே தொங்கவிடுவது மேடையில் பார்க்க நன்றாக இருக்கும், இடது மணிக்கட்டு முறுக்கிக்கொள்ளும். நம் வயதுக்கு வேண்டாம்.

விளிம்பு பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் போன மாதம் அதை நேரில் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை கொயரில் வாசிக்கிற ஒரு தம்பி, பழைய கிட்டார் ஒன்று வைத்திருக்கிறான். பலகை மாதிரி சதுர விளிம்பு. 1951-ல் வந்த முதல் பிரிசிஷன் பேஸும் இப்படித்தான் இருந்தது, 1954-லிருந்துதான் முன்கை பக்கமும் வயிற்றுப் பக்கமும் சரித்துச் செதுக்க ஆரம்பித்தார்கள். ஆராதனை முடிந்தால் இந்தத் தம்பியின் வலது முன்கையில் சிவப்பாக ஒரு கோடு விழுந்திருக்கும், வியர்வையில் எரியும். காசிமேட்டில் படகு வேலை செய்கிற ஆசாரி அண்ணன் ஒருவர் இருக்கிறார், அவரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் கிட்டார் வேலை செய்தவர் இல்லை. தம்பியை கிட்டாரை மாட்டிக்கொண்டு நிற்கச் சொன்னார். ஒரு சாக்பீஸை நுணுக்கி அவன் முன்கையில் தடவினார். கொஞ்ச நேரம் வாசி என்றார். வாசித்து முடித்ததும் விளிம்பில் எங்கெங்கே வெள்ளை ஒட்டியிருந்ததோ அதைப் பென்சிலால் வளைத்துக் கோடு போட்டார். தம்பியின் கை உண்மையில் உரசின இடம் நாங்கள் நினைத்ததை விட நாலு விரல் பின்னால், பிரிட்ஜ் பக்கமாக இருந்தது. அந்த இடத்தில் உள்ளே ஒயர் எதுவும் போகவில்லை என்று திறந்து பார்த்த பிறகுதான் அரத்தை எடுத்தார். பாடியின் கனம் 45 மில்லிமீட்டர் இருக்கும். அதில் மேல் விளிம்பை மட்டும் மெதுவாக ராவிச் சரித்தார், நடுநடுவே தம்பியை மாட்டிப் பார்க்கச் சொன்னார், அப்புறம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வார்னிஷ் அடித்தார். இப்போது கை படகுப் பலகை மேல் வைத்த மாதிரி இல்லை என்று அவரே தடவிப் பார்த்துச் சொன்னார். அந்தத் தம்பி இப்போது முழுப் பாட்டுக்கும் தோளைத் தூக்காமல் வாசிக்கிறான்.

இனி நீ செய்ய வேண்டியது. முதலில் பணம் செலவாகாத வேலை, பட்டனை இடம் மாற்று. நெக் அடியிலிருந்து கழற்றி மேல் கொம்பின் நுனிக்குக் கொண்டுபோ. உன் கிட்டாரில் கொம்பு மெலிசு, அதனால் அவசரப்பட்டுத் திருகாதே. திருகின் தண்டை விடக் கொஞ்சம் சின்னதாக முதலில் துளை போட வேண்டும், திருகில் சோப்புத் தடவி ஏற்றினால் மரம் பிளக்காது. கை நடுங்கினால் ஒரு நல்ல ஆசாரியிடம் கொடு. அதனால் சில சென்டிமீட்டர் கிடைத்தாலும் உனக்கு இரட்டை லாபம், தலை இறங்குவதும் குறையும், முதல் ஃப்ரெட்டும் பக்கத்தில் வரும்.

அப்புறம் கீ. பழைய வகை பேஸ் கீ ஒன்று சுமார் 100 கிராம். இலகுவாகச் செய்த வகை 60 கிராம் பக்கம் கிடைக்கிறது. நாலையும் மாற்றினால் 160 கிராம் குறையும். கேட்க ஒன்றுமில்லை, ஆனால் அது நெக்கின் கடைக்கோடியில் இருக்கிற 160 கிராம், அங்கே குறைப்பதற்கு மதிப்பு அதிகம். துளையின் அளவு பொருந்துகிறதா என்று பார்த்து வாங்கு. பாடிக்குள் ஈயக்கட்டி வைத்துச் சமன் செய்கிறவர்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தலை நிற்கும், ஆனால் மொத்தப் பாரமும் தோளுக்குத்தான் போகும்.

ஸ்ட்ராப் அகலமாக, மூன்று அங்குலத்துக்குக் குறையாமல், உள்பக்கம் சொரசொரப்பான தோலாக வாங்கு. அது பாரத்தைப் பரப்பும், வழுக்காமல் பிடிக்கும். ஆனால் அதை மட்டும் வாங்கிவிட்டு நிறுத்திவிடாதே. தலை இறங்குகிற கிட்டாரை அந்த ஸ்ட்ராப் பிடித்து நிறுத்தும்போது அந்த இழுப்பு உன் சட்டைக் காலரிலும் கழுத்திலும்தான் போய்ச் சேரும். முதலில் பட்டன், அப்புறம் கீ, கடைசியில் ஸ்ட்ராப். இந்த வரிசையை மாற்றாதே.

இவ்வளவு செய்தும் விரல் மரத்துப் போனால் டாக்டரிடம் காட்டு, அதை நான் கடிதத்தில் சரிசெய்ய முடியாது. அதுவரைக்கும் விற்பனைப் பேச்சு வேண்டாம். நெக் அடியிலிருந்து கொம்பு நுனிக்கு எவ்வளவு தூரம் என்று டேப் வைத்து அளந்து எழுது, கொம்பு நுனியின் கனத்தையும் சேர்த்து எழுது. அதைப் பார்த்து எந்த நீளத் திருகு என்று சொல்கிறேன். ஆடியில் வருவதாக இருந்தால் கிட்டாரையும் எடுத்துக்கொண்டு வா, ஆசாரி அண்ணனிடம் போவோம். தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்.

அன்புடன்,
உன் தண்டையார்பேட்டை நண்பன்